லாகோஸ் முதல் அபிஜான் வரை: இரண்டு கடவுச்சீட்டுகளின் பயணம்

மே 25, 2025, ஞாயிறு – லாகோஸ்

நாளை விடியற்காலை நானும், பன்னிரண்டு ஆண்டுகளாக என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நைஜீரிய நண்பரும் தரைவழியாக ஐவரி கோஸ்டின் பெருநகரான அபிஜானுக்குப் புறப்படுகிறோம். அங்கே குடியிருக்கும் அவருடைய அக்காவின் மகளுக்குச் சனிக்கிழமை திருமணம். விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் நைஜீரியா, பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஐந்து நாடுகளைக் கடலோரமாகக் கோத்துக்கொண்டு போகும் இந்த ஆயிரம் கிலோமீற்றர் சாலையை ஒருமுறையாவது முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நண்பருக்கு விமானச் சீட்டின் விலையே போதிய காரணமாக இருந்தது.

இரண்டு கடவுச்சீட்டுகளும் இப்போது மேசையில் அருகருகே கிடக்கின்றன. என்னுடையது இலங்கைக் கடவுச்சீட்டு. அதனோடு சேர்த்து வைத்திருப்பவை: பெனினுக்கும் டோகோவுக்கும் இணையவழியாகப் பெற்ற விசாத் தாள்கள், கானாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் தூதரகப் படியேறி வாங்கிய விசாக்கள், நைஜீரியாவுக்குத் திரும்பி வருவதற்கான வதிவிட அட்டை, வங்கிக் கூற்று, விடுதிப் பதிவுகள், அலுவலகக் கடிதம். இவ்வளவையும் சேர்க்க எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. நண்பரின் பச்சை நிறக் கடவுச்சீட்டுக்குள் ஒரு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை மட்டும் இருக்கிறது. அவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. எகோவாஸ் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் 1979 மே 29 அன்று டக்காரில் கையொப்பமிட்ட உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடொன்றின் குடிமகன் செல்லுபடியாகும் பயண ஆவணமும் சுகாதாரச் சான்றிதழும் வைத்திருந்தால், மற்றோர் உறுப்பு நாட்டில் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

அதே பச்சைக் கடவுச்சீட்டில் வேறொரு கதையும் உண்டு. கடந்த ஆண்டு, ஐரோப்பிய நகரமொன்றில் படித்த அவருடைய மகன் முதுநிலைப் பட்டம் பெற்றான். விழாவுக்குப் போக நண்பர் விண்ணப்பித்தார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் மாதத்தில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்திருந்தது. இன்றைய மாற்று விகிதத்தில் அந்த 90 யூரோ, நைஜீரியச் சட்டம் நிர்ணயித்துள்ள 70,000 நைரா மாதக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரண்டு மடங்கையும் தாண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. ஆறு வாரங்கள் கழித்து வந்த அச்சடித்த படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் அடையாளமிட்டிருந்தார்கள்: விசாக் காலம் முடியுமுன் அவர் நாடு திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறதாம். முப்பது ஆண்டு வேலை, சொந்த வீடு, நோயாளித் தாய், மனைவி, இங்கே படிக்கும் இரண்டு பிள்ளைகள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிப்போயின. 2024ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை மறுக்கப்பட்டிருக்கின்றன என்று பின்னர் படித்தேன். ஆபிரிக்கக் கண்டத்தில் மொரிசியஸ், சீஷெல்ஸ் என்ற இரண்டு தீவு நாடுகளின் குடிமக்களே விசா இல்லாமல் அங்கே போக முடியும்.

அவருடைய வலி எனக்கு அந்நியமானதன்று. ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் வெளியே காலெடுத்து வைக்காமல் அடுத்த விமானத்துக்கு மாறுவதற்குக்கூட விசா கேட்கப்படும் பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியலில் நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, எரித்திரியா, சோமாலியா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகியவற்றோடு இலங்கையின் பெயரும் இருக்கிறது.

மே 26, திங்கள் – கொட்டோனு

லாகோஸிலிருந்து பதாக்ரி வழியாக எல்லைக்குப் போகும் சாலையில் தூரத்தைவிடச் சோதனைச் சாவடிகளே பயணத்தின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு சாவடியிலும் சாரதி கண்ணாடியை இறக்கினார். ஒவ்வொன்றிலும் என் முகத்தைப் பார்த்ததும் கடவுச்சீட்டைக் கேட்டார்கள்.

செமே எல்லையில் 2018இல் திறக்கப்பட்ட கூட்டு எல்லை நிலையம் இருக்கிறது. முன்பெல்லாம் நைஜீரியப் பக்கத்தில் ஒருமுறை இறங்கி வரிசையில் நின்று, பிறகு பெனின் பக்கத்தில் மீண்டும் இறங்கி நிற்க வேண்டும். இப்போது இரு நாட்டு உத்தியோகத்தர்களும் ஒரே வளாகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நண்பரின் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரையும் நுழையும் முத்திரையும் விழுந்து முடிய இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. நான் தனி மேசைக்கு அனுப்பப்பட்டேன். விசாத் தாளைச் சரிபார்த்து, என் வேலை, தங்குமிடம், திரும்பும் நாள் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்ப ஒன்றரை மணி நேரமாயிற்று. நடத்திய விதத்தில் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. நண்பர் வெளியே ஒரு மரநிழலில் காத்திருந்தார். தன் வாழ்நாளில் ஓர் எல்லையில் தான் முதலில் போய், தன்னோடு வந்தவருக்காகக் காத்திருப்பது இதுவே முதல் முறை என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் இருந்த பெருமையை நான் மனமார ரசித்தேன்.

எல்லையைக் கடந்ததும் மொழி மாறும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். பெயர்ப்பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன, பேச்சு மாறவில்லை. பதாக்ரியில் பேசும் குன் மொழியைப் பெனினின் போர்ட்டோ-நோவோவிலும் பேசுகிறார்கள்; யொருபாவும் இருபுறமும் கேட்கிறது. நண்பர் சாலையோர உணவுக்கடையில் யொருபாவிலேயே பேரம் பேசினார். 2019 ஆகஸ்டில் கடத்தலைத் தடுப்பதற்கென்று நைஜீரியா தன் தரை எல்லைகளைச் சரக்குப் போக்குவரத்துக்கு மூடி, 2020 டிசம்பர் வரை திறக்காமல் வைத்திருந்தது. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டபோது கடைக்காரப் பெண் அடுப்பைக் காட்டினார். பதினாறு மாதங்கள் அதில் நெருப்பு மூட்டியதே அபூர்வமாம்.

இரவு கொட்டோனுவில், மஞ்சள் சட்டை அணிந்த, செமிஜான் எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்களின் நடுவே ஒரு சிறிய விடுதியில் தங்குகிறோம்.

மே 27, செவ்வாய் – லோமே

காலையில் வழியிலேயே உய்தாவில் இறங்கினோம். அடிமை வணிகத்தின் பெருந்துறைகளில் ஒன்றாக இருந்த இந்த ஊரின் கடற்கரையில், 1995இல் எழுப்பிய ‘திரும்பி வராத வாயில்’ நிற்கிறது. இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களிடம் யாரும் ஆவணம் கேட்கவில்லை. அவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க 2024இல் பெனின் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. நண்பர் வாயிலின் அடியில் வெகுநேரம் நின்றிருந்தார். நான் தள்ளி நின்றேன். அவ்விடத்தில் என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஹில்லா-கொஞ்சி எல்லையைத் தாண்டி டோகோவுக்குள் வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். பணம் மாற்ற வேண்டியதில்லை. பெனினிலும் டோகோவிலும் ஒரே பிராங்குதான். ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டப்பட்ட அந்தப் பணத்தின் மதிப்பு யூரோவோடு எந்தத் தடையுமில்லாமல் இணைந்திருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

இன்றும் நேற்றும் கடந்த இரண்டு எல்லைகளில் ஒன்றில் நடந்ததை எழுதியாக வேண்டும். எது என்று சொல்லப் போவதில்லை. சுகாதாரப் பரிசோதனை மேசையில் என் மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பார்த்த உத்தியோகத்தர், 2013இல் போட்ட ஊசி பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அந்த விதியின் அச்சுப் பிரதியை நான் பையில் வைத்திருந்ததால் பத்து நிமிடங்களில் பேச்சு முடிந்தது. எனக்குப் பின்னால், தலையில் துணிமூட்டையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வியாபாரப் பெண் நின்றார். அவரிடம் அட்டையே இல்லை. ஆயிரம் பிராங் கொடுத்தார். ரசீது எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர் கேட்கவும் இல்லை. இது முறையன்று என்று நண்பர் குறுக்கிட முனைந்தபோது அந்த அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வாரத்தில் மூன்று நாள் இதே வழியில் வருபவர் அவர். இன்று சண்டை பிடித்தால் மூட்டையை ஏற்றிச் செல்லும் வண்டி போய்விடும், நாளை மறுநாள் இதே மனிதரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்றார். தடுப்பூசி இல்லாதவருக்கு ஊசி போட்டு அனுப்புவதே ஒரு சுகாதார மேசையின் வேலை. அவரோ ஊசியும் இல்லாமல், அட்டையும் இல்லாமல், ஆயிரம் பிராங்கும் இல்லாமல் எல்லையைக் கடந்தார். 1979ஆம் ஆண்டின் உடன்படிக்கையைத் தம் கால்களால் நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பவர்கள் இத்தகைய பெண்களே என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள்தாம் அதற்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

மே 28, புதன் – அக்ரா

டோகோவின் லோமே, எல்லைக்கோட்டின் மீதே அமைந்த தலைநகரம். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே போனால் தெருவின் முடிவில் கானா வந்துவிடுகிறது. அப்பக்கத்து ஊர் அஃப்லாவோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவும் ஜெர்மனியும் இங்கே எல்லை வகுத்ததால், எவே மொழி பேசும் மக்கள் இருபுறமும் பிரிந்துபோனார்கள். வீடு ஒரு நாட்டிலும் சொந்தபந்தம் மறுநாட்டிலுமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கொரோனாவைக் காரணங்காட்டி கானா தன் தரை எல்லைகளை 2020 மார்ச் 22 அன்று மூடி, 2022 மார்ச் 28 வரை திறக்கவில்லை. விமான நிலையத்தையோ 2020 செப்டெம்பரிலேயே திறந்துவிட்டார்கள். விமானச் சீட்டு வாங்க வசதியுள்ளவர்கள் வந்துபோக, தெருவின் மறுமுனையில் நடந்த சாவுக்குப் போக முடியாமல் எவே மக்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

இந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஆபிரிக்க நாடுகள் அனைத்தின் குடிமக்களும் விசா இல்லாமல் வரலாம் என்று கானா அறிவித்திருக்கிறது. நண்பருக்கு இதனால் புதிதாக ஏதுமில்லை. ஆனால் கண்டத்தின் மற்றப் பகுதிகளில் இருக்கும் எங்கள் சகபணியாளர்கள் சிலருக்கு இது பெரிய செய்தி.

சோககோப்பேயில் வோல்ட்டா ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் சாரதி வானொலியைக் கூட்டி வைத்தார். எகோவாஸ் 1975 மே 28 அன்று லாகோஸில் உருவாகி இன்றோடு ஐம்பது ஆண்டுகள். நாங்கள் விட்டுவந்த லாகோஸில் பொன்விழா நடக்கிறது. அன்று டோகோவின் அதிபர் எயாடெமாவோடு சேர்ந்து இந்த அமைப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிய, நைஜீரியாவின் அப்போதைய ஆட்சித் தலைவர் யாக்குபு கொவோன், தொண்ணூறு வயதில் விழாவில் கலந்துகொண்டிருக்கிறார்.

வண்டியில் இருந்த ஒரு முதிய கானாக்காரர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, 1983ஐப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவ்வாண்டு ஜனவரியில், எண்ணெய் விலை சரிந்து பொருளாதாரம் நலிந்தபோது, வதிவிட அனுமதி இல்லாத வெளிநாட்டவர் யாவரும் இரண்டு வாரங்களுக்குள் வெளியேற வேண்டும் என்று நைஜீரியா அறிவித்தது. 90 நாள் உரிமை நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. வெளியேற்றப்பட்ட பல இலட்சம் பேரில் பெரும்பாலோர் கானாக்காரர். கானா தன் டோகோ எல்லையை ஏற்கெனவே மூடி வைத்திருந்ததால், அவர்கள் இதே சாலையில், நாங்கள் இரண்டு நாட்களாகக் கடந்துவந்த அதே ஊர்களில், தண்ணீரும் நிழலும் இல்லாமல் தேங்கி நின்றார்கள். மாத இறுதியில் எல்லை திறந்த பிறகே வீடு சேர முடிந்தது. அந்த முதியவர் அப்போது லாகோஸில் பள்ளி ஆசிரியராக இருந்தாராம். கையில் கிடைத்ததை அள்ளிப்போட்டுக் கட்டிய அந்தக் கட்டம்போட்ட பெரிய நைலோன் பைகளுக்கு இன்றும் நைஜீரியாவில் ‘கானா மஸ்ட் கோ’ (கானா போயாக வேண்டும்) என்றுதான் பெயர். எங்கள் வண்டியின் கூரையிலேயே அப்படி மூன்று பைகள் கட்டியிருந்தன.

நண்பர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போது நண்பருக்கு வயது பதினொன்று. முதியவர் அவர் தோளைத் தட்டி, 1969இல் கானாவும் அதையே நைஜீரியர்களுக்குச் செய்தது என்று நினைவூட்டினார். அவ்வாண்டு நவம்பரில் கானாவின் அரசு இரண்டு வாரத் தவணை கொடுத்து வெளிநாட்டவரை விரட்டியபோது, தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த யொருபாக் குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயின. நண்பரின் சிற்றப்பா ஒருவர் குமாசியில் பிறந்தவர், அப்படி விரட்டப்பட்டவர் என்பது இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு இன்றுதான் தெரியவந்தது.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். என் பெரியம்மா குடும்பத்தோடு கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ராமேஸ்வரம் சேர்ந்தார். அவர் வாழ்நாளில் முதன்முதலாகக் கையில் பெற்ற கடவுச்சீட்டு, பிறந்த ஊரை விட்டுப் போவதற்காகவே கொடுக்கப்பட்டது. இதை அந்த முதியவரிடம் சொன்னேன். அவர் என் பெரியம்மாவின் பெயரைக் கேட்டு, ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மே 29, வியாழன் – தக்கோராடி

மழை. அக்ராவிலிருந்து புறப்படத் தாமதமாயிற்று. கேப் கோஸ்ட்டில் கோட்டையைப் பார்க்காமலே கடந்தோம். எகோவாஸின் சுதந்திர நடமாட்ட உடன்படிக்கைக்கு இன்று நாற்பத்தாறு வயது. நாளை நீண்ட வழி இருக்கிறது.

மே 30, வெள்ளி – அபிஜான்

எலுபோவில் தானோ ஆற்றுக்கு அருகே கானா முடிகிறது. மறுபுறம் நோயே, மீண்டும் பிராங், மீண்டும் பிரெஞ்சு. என் விசாவை உருப்பெருக்கியால் பார்த்த இளம் பெண் உத்தியோகத்தர், இந்தக் கடவுச்சீட்டைத் தான் பார்ப்பது முதல் முறை என்று சொல்லி, இலங்கை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார். நண்பர் வழக்கம்போல முன்னாலேயே போய்விட்டார்.

அபிஜானுக்குள் நுழையவே இரண்டு மணி நேரமாயிற்று. ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியின் ஆண்டுக் கூட்டம் இன்றுவரை இந்நகரில் நடந்தது. மொரித்தானியாவின் சிடி ஊல்ட் தா நேற்றுத்தான் அதன் புதிய தலைவராகத் தெரிவானார். ஒவ்வொரு நாடும் மற்ற ஆபிரிக்கர்களுக்குத் தன் கதவை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறது என்று 2016 முதல் ஆபிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து சுட்டெண் வெளியிடுவதும் இதே வங்கிதான். கடந்த ஆண்டுச் சுட்டெண்ணில் ஆபிரிக்கர் அனைவரையும் விசா இல்லாமல் அனுமதிப்பவையாக இடம்பெற்றவை பெனின், காம்பியா, ருவாண்டா, சீஷெல்ஸ் ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே. கண்டத்தின் மிகப் பெரிய செல்வந்தரான அலிகோ டாங்கோட்டே, தம் நைஜீரியக் கடவுச்சீட்டோடு ஆபிரிக்காவைச் சுற்றிவர 35 விசாக்கள் தேவைப்படுகின்றன என்று 2024இல் ருவாண்டாவின் கிகாலியில் முறையிட்டார். அவருக்கே அந்த நிலை என்றால், மூட்டை சுமந்து வந்த அந்த அம்மாவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆபிரிக்க ஒன்றியத்தின் பொதுக் கடவுச்சீட்டை 2016 ஜூலையில் அதே கிகாலியில் அறிமுகப்படுத்தி, முதற்பிரதிகளை அதிபர்களுக்குக் கொடுத்தார்கள். சாதாரண மக்களின் கைக்கு அது இன்னும் வரவில்லை. 2018 ஜனவரியில் நிறைவேற்றிய கண்டம் தழுவிய நடமாட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வரப் பதினைந்து நாடுகளின் இறுதி ஒப்புதல் வேண்டும். ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ தோமே ஆகிய நான்கே அதைச் செய்திருக்கின்றன. 1979இல் ஏழை மேற்கு ஆபிரிக்கா செய்ததை முழுக் கண்டமும் செய்ய முடியாதென்பதை நான் நம்பவில்லை.

அக்காவின் வீட்டு வாசலில் எங்களை வரவேற்றவர்களில் மணமகனின் உறவினர்களும் இருந்தார்கள். அவர்கள் புர்கினா பாசோவின் போபோ-ஜுலாசோவிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். புர்கினா, மாலி, நைஜர் மூன்றும் இவ்வாண்டு ஜனவரி 29 அன்று எகோவாஸிலிருந்து முறைப்படி விலகிவிட்டன. அந்த மூன்று நாட்டவரும் விசா இல்லாமல் வந்துபோவது மறு அறிவிப்பு வரும்வரை தொடரும் என்று எகோவாஸ் சொல்லியிருக்கிறது. ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்ற அந்த மூன்று சொற்களே மணமகனின் தந்தையை உறுத்திக்கொண்டிருக்கின்றன. தன் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவதற்கு விசாக் கேட்கும் நாள் வந்துவிடுமோ என்று என்னிடம் கேட்டார். ஏதோ இவ்விடயம் தெரிந்தவன் என்று நண்பர் என்னை அறிமுகப்படுத்தியிருந்தார். எழுத்தில் இருப்பதை அவருக்கு விளக்கினேன். அதற்கு மேல் உறுதி சொல்ல என்னால் முடியவில்லை.

மே 31, சனி – அபிஜான்

திருமணம் நன்றாக நடந்தது. யொருபா வழக்கப்படி பெண்வீட்டார் அனைவரும் ஒரே துணியில் தைத்த ஆடை உடுத்தியிருந்தார்கள். எனக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தார் அக்கா. அத்தியேக்கே என்ற மரவள்ளி உணவும் மீனும் முதற்பந்தியிலேயே தீர்ந்து, மறுபடி சமைத்தார்கள்.

நண்பரின் மகன் வரவில்லை. ஐரோப்பாவில் அவனுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து மாதங்களாகின்றன. புதிய அட்டை கையில் கிடைக்குமுன் அந்நாட்டை விட்டு வெளியேறினால், திரும்பி உள்ளே போக முடியாத நிலை ஏற்படலாம். தந்தையால் அங்கே போக முடியவில்லை. மகனால் இங்கே வர முடியவில்லை. மாலையில் ஆட்டம் தொடங்கியபோது நண்பர் கைபேசியில் மகனை அழைத்து, அதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, மணமக்கள் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். தகரக் கூரையில் மழை பெய்த சத்தத்தில் அவன் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கை வலித்தபோது நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.